பூஜ்ஜியக் கல்லுக்குக் கீழே

கல்லுக்காரரின் மனைவி இறந்த வருஷத்திலிருந்து, அவள் இறந்து கிடந்த மைல்கல்லுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சாலை நீள ஆரம்பித்தது. ஒரேயடியாக நீளவில்லை. வளரும் பிள்ளைக்குச் சட்டை குட்டையாவதுபோல, தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் நீண்டது. முதலில் கவனித்தவர்கள் பால் வண்டிக்காரர்கள். வந்து சேர்வதற்குள் பால் திரிந்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னபோது எல்லோரும் மாட்டைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு பாத்திரத்தை, பிறகு பால் வண்டிக்காரர்களையே. அப்புறம் பஸ் தாமதமாக வந்தது. டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் எப்பவும் போற வேகத்துலதான் போறேன். ரோடுதான் தீர மாட்டேங்குது" என்றார் அவர். அளந்து பார்த்ததில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பஸ் நேரத்தை மாற்றி எழுதினார்கள், டிக்கெட்டைக் கொஞ்சம் ஏற்றினார்கள், ஜனங்கள் கொஞ்சம் முன்னதாக எழுந்து கிளம்பப் பழகிக்கொண்டார்கள். வெங்காய விலை ஏறவில்லையா, அதுமாதிரி தூரமும் ஏறுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

விட முடியாமல் தவித்தவர் கல்லுக்காரர் ஒருவர்தான். சாலை இலாகாவில் மைல்கற்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. பழைய எழுத்தைச் சுரண்டி, வெள்ளை பூசி, காய்ந்ததும் கறுப்பில் தலைநகரத்தின் பெயரையும் அதற்குக் கீழே தூரத்தையும் எழுத வேண்டும். மழையிலும் வண்டி மோதியும் இடம் பெயர்ந்த கற்களை அளந்து பார்த்து மறுபடி நட வேண்டும். அளப்பதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் டேப்பின் முனையைக் கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுருளை அவிழ்த்துக்கொண்டே நடப்பார். இலாகா இரண்டாவது ஆளைக் கொடுக்கவில்லை. கல்லுக்காரருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் இருந்த ஒரே ஆள் மனைவி. கல்யாணமான புதிதில் ஒருநாள் உதவிக்கு வந்தவள், பிறகு வராத நாளே கிடையாது.

சாலை வளைந்து போகிற இடங்களில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கத்தினாலும் லாரிச் சத்தத்தில் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். அவர் டேப்பை ஒருமுறை இழுத்தால் 'பிடிச்சிருக்கியா?' என்று அர்த்தம். அவள் ஒருமுறை இழுத்தால் 'பிடிச்சிருக்கேன்'. யார் இரண்டுமுறை இழுத்தாலும் 'விடு, வேலை முடிந்தது'. சில சமயம் அவள் ஒருமுறை இழுத்துவிட்டு, கூடவே விரலால் ஒரு சின்ன உதறல் கொடுப்பாள். அது 'சீக்கிரம் ஆகட்டும், வெயில் மண்டையைப் பிளக்குது' என்பதற்கு. அவர் சிரித்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "உனக்கென்ன, உட்கார்ந்திருக்கிற வேலை. நடக்கிறவன் நானு" என்று கேலி செய்வார். அவளும் பதிலுக்குக் கேலி செய்வாள். பகலில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த டேப்பில்தான், ஆனால் ஊரில் அவர்களைவிட அதிகமாகப் பேசிக்கொண்ட தம்பதி இருந்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அவர் ஒருமுறை இழுத்தார். பதில் வரவில்லை. கண் அசந்துவிட்டாள் போல என்று நினைத்தார். கையில் பெயிண்ட் தோய்ந்த பிரஷ் இருந்தது, காய்ந்துவிடும். எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பி நடந்தார். அவள் கல்லின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது. டேப்பின் முனை அவள் கைக்குள் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார், சுருட்டினார், பையில் போட்டுக்கொண்டார். கைவேலைக்காரருக்குக் கை தானாகச் செய்யும் காரியம் அது. அதைச் செய்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறை நாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்க்கப் போனார். புதைத்த இடம் வேறு எங்கோ இருந்தது, ஆனால் அவர் போனது கல்லிடம்தான். ஆரம்பத்தில் வீட்டில் போட்ட டீயை பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனால், அங்கே போய்க் குடிக்கும்போது நாக்கைச் சுடும். அடுத்த வருஷம் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் பச்சைத் தண்ணீர். பிறகு காலையில் கிளம்பினால் உச்சிவெயிலுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. கல் நட்ட இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த புளியமரமும் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த வெறும் தார்தான் இட்லி மாவு பொங்குவதுபோலப் பொங்கி நீண்டது. புதிதாக முளைத்த சாலையின் ஓரத்தில் மரம் இல்லை, கடை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. இப்படியே போனால் இன்னும் சில வருஷங்களில் அவளிடம் போய்விட்டு ஒரே நாளில் திரும்ப முடியாது. முழங்கால் தேய்ந்துவிட்டால் போகவே முடியாது. செத்துப்போனவள் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஓவர்சியரிடம் போய்ச் சொன்னார். ஓவர்சியர் நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணே, ரோட்டுல பள்ளம் விழுந்தா நான் பார்க்கலாம். பாலம் இடிஞ்சா பார்க்கலாம். நீளம் என் கையில இல்ல. தூரமெல்லாம் தலைநகரத்துல அந்தப் பூஜ்ஜியக் கல்லுலருந்துதான் ஆரம்பிக்குது. அங்கதான் போய்க் கேக்கணும்."

"நான் அங்க போனதே இல்லீங்களே."

"ஆயுசு பூரா அந்த ஊர்ப் பேரைத்தானே எழுதினீங்க" என்று ஓவர்சியர் சிரித்தார். "ஒருதடவை போய்ப் பார்த்துட்டுத்தான் வாங்களேன்."

அப்படித்தான் கல்லுக்காரர் தலைநகரத்துக்குப் போனார். ரயில் ஜன்னலில் உட்கார்ந்து, பக்கத்துச் சாலையில் எதிரே ஓடிய கற்களில் எண்கள் சின்னதாகிக்கொண்டே வருவதைப் பார்த்தார். யார் எழுதியதோ, சில கற்களில் எழுத்துச் சுழி கோணலாக இருந்தது. பேச ஆள் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் எடுத்த லாட்ஜ் அறையில் ஒரு கட்டிலும், ஒரு ஆணியும், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னலும் இருந்தன. கீழே தெருவில் அவ்வளவு ஜனங்கள் போனார்கள். ஒருவர்கூட அவரை இடிக்கவில்லை. அவ்வளவு பழக்கமாக விலகிப் போனார்கள். ஊரில் என்றால் வழியில் நான்கு பேராவது 'எங்க கிளம்பிட்டீங்க?' என்று கேட்டிருப்பார்கள். இங்கே அந்தக் கேள்வி வரும் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டே நடந்தார். ஓட்டலில் எதிரே உட்கார்ந்தவரிடம் "பூஜ்ஜியக் கல்லுக்கு" என்று தானாகவே சொல்லிப் பார்த்தார். அவர் தண்ணீர்ச் சொம்பை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பூஜ்ஜியக் கல் ஒரு பெரிய சதுக்கத்தின் நடுவில், பளபளவென்று, சுற்றிலும் இரும்புக் கம்பி போட்டு இருந்தது. பக்கத்தில் வெண்கலக் குதிரைமேல் வாளோடு ஒருவர். வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்துக்கு அந்த நகரம் உண்டான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: குதிரைமேல் இருக்கிற மன்னர் இங்கே வந்தபோது வானத்திலிருந்து ஒளி விழுந்ததாம், 'உலகத்தின் நடு இதுவே' என்று அசரீரி கேட்டதாம், வாளை ஊன்றினாராம், ஊன்றிய இடம்தான் கல்லாம். கூட்டம் படம் எடுத்துக்கொண்டது. கல்லுக்காரருக்கு அந்தக் கதையில் பெரிய சந்தேகம் ஒன்றும் வரவில்லை. அவர் தொழில்காரராகக் கல்லைத்தான் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. எழுத எதுவும் மிச்சம் வைக்காத கல். கம்பிக்கு நடுவே கையை விட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தபோது, கல் உள்ளுக்குள் லேசாக அதிர்வது தெரிந்தது. விட்டு விட்டு. யாரோ எங்கிருந்தோ இழுப்பதுபோல. காவலாளி விசில் ஊதினார். கல்லுக்காரர் கையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பெரிய ஆபீசுக்குள் போனார்.

பூஜ்ஜியப் பிரிவு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. அங்கே ஒரு பெண் எழுத்தர் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். சாலை நீள்கிறது என்று இவர் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. எந்தச் சாலை என்று மட்டும் கேட்டார். பிறகு, "அது எங்களால ஆகாதுங்கய்யா. முனையம்மாவத்தான் கேக்கணும். லிஃப்ட்காரர்கிட்ட சொல்லுங்க, கொண்டுபோய் விடுவார்" என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வெளியில போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. பெரியவங்களுக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்" என்றார்.

லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, தினம் சொல்லிப் பழகிய குரலில் விஷயத்தைச் சொன்னார். மேலே சொல்லுகிற குதிரைக் கதையெல்லாம் பின்னால் தைத்த அலங்காரம். இங்கே முதலில் இருந்தது முள்ளுக் காடு. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, பெயர்கூட இல்லை. நிலம் அளக்கிறவர் ஒருவர் பெண்டாட்டியோடு வந்தார். சங்கிலியின் முனையை அவள் கையில் கொடுத்து, "இங்கயே பிடிச்சுக்கிட்டு இரு, அளந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன திசையில் நிலம் நிறைய இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு செருப்புத் தைக்கிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆள் இருக்கிற இடமாயிற்றே என்று ஒரு முடிதிருத்துகிறவர் வந்தார். வெயில் படுகிறதென்று அவளுக்கு மேலே நாலு ஓலையைப் போட்டார்கள். அந்த நிழலுக்கு வண்டிக்காரர்கள் வந்தார்கள். இன்ன ஊர் எவ்வளவு தூரம் என்று அவளைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கையில் சங்கிலி இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்புக்காரருக்கும் முடிக்காரருக்கும் இடத்தகராறு வந்தது, தீர்க்க ஒருவர் வேண்டியிருந்தது, அதுதான் கோர்ட். தோற்றவரை உட்காரவைக்க ஒரு அறை வேண்டியிருந்தது, அதுதான் ஜெயில். கோர்ட்டும் ஜெயிலும் இருக்கிற இடத்தில் அரசாங்கம் இல்லாவிட்டால் எப்படி என்று மன்னர் கடைசியில் வந்து சேர்ந்தார். அவள் நகர மாட்டேன் என்றாள். அதனால் அவளைச் சுற்றியும், பிறகு அவளுக்கு மேலேயும் கட்டிக்கொண்டு போனார்கள். "இந்த ஊரே ஒரு பொம்பளைக்குத் துணைக்கு உட்கார வந்ததுங்க" என்று லிஃப்ட்காரர் கதவைத் திறந்துவிட்டார். "அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வேலையில அவங்கள மறந்துட்டாங்க."

முனையம்மா ஒரு குண்டு பல்பின் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழைய மண் அப்படியே இருந்தது, முள் வேர்கூட நீட்டிக்கொண்டிருந்தது. காத்திருக்கிற வருஷங்களை வயதுக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. அவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. இரண்டு கையாலும் ஒரு இரும்பு வளையத்தைப் பிடித்திருந்தாள். அதிலிருந்து சங்கிலிகள் எல்லாத் திசையிலும் மண்ணுக்குள் போயின. நாட்டில் எத்தனை சாலை உண்டோ அத்தனை. கல்லுக்காரரைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும், கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தாள்.

அவர் தன் சாலையைச் சொன்னார். அந்தக் கல்லையும் சொன்னார். பால் வண்டிக்காரர்களிடம் சொல்லாதது, ஓவர்சியரிடம் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னார். "அவ விட்டுட்டா. அதான் ரோடு தொய்ஞ்சு நீளுது. திரும்ப இழுத்துக் கட்ட வழி இருக்காம்மா?"

முனையம்மா ஒரு சங்கிலியை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள், நாடி பார்ப்பதுபோல. பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் கல்லுல பிடி இருக்கே" என்றாள்.

கல்லுக்காரருக்குப் புரியவில்லை.

"அந்தப் பக்கம் கெட்டியா பிடிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் ஆளைத்தான் காணோம். சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் இங்கருந்து இழுத்துப் பார்த்தேன், பதில் வரல. முன்னப்பின்ன தெரியாதவங்க இழுத்தா யாருதான் பதில் சொல்லுவாங்க? 'விடு'ன்னு யாராவது சொன்னீங்களா அவங்ககிட்ட?"

அவர் சொல்லவில்லை. எழுதி முடித்தார், நடந்தார், விரலைப் பிரித்தார், சுருட்டினார், பையில் போட்டார். இரண்டுமுறை இழுக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அவள் புளியமரத்தடியில், வெயில் மண்டையைப் பிளக்க, வேலை முடியவில்லை என்று பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கல்லுக்காரர் அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதார். சாவுக்கு வந்தவர்களுக்கு முன்னால் அழாத அழுகை. இரண்டு கையிலும் வளையம் இருந்ததால் முனையம்மா தோளால் அவர் தோளை ஒருமுறை லேசாக இடித்தாள். அந்த நகரத்துக்கு வந்த பிறகு அவரை இடித்த முதல் ஆள் அவள்தான்.

பிறகு அந்தச் சங்கிலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். ஒருமுறை இழுத்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. நீண்டுபோன சாலை அல்லவா, போய்ச் சேரவே நேரம் ஆகும். மேலே எங்கோ நாற்காலிகள் இழுபடும் சத்தமும் தண்ணீர்க் குழாய்ச் சத்தமும் கேட்டன. கல்லுக்காரர் ஆயுளில் முதல்முறையாக, உட்கார்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். நடக்கிறவருக்கு வழியெல்லாம் வேடிக்கை. பிடித்திருக்கிறவருக்குக் கையில் இருக்கிற முனை ஒன்றுதான் உலகம். இடுப்பு வலித்தது.

அப்போது சங்கிலி ஒருமுறை இழுபட்டது. கூடவே ஒரு சின்ன உதறல்.

முனையம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கத் தயங்கிக் கேட்டாள். "ஒரு நிமிஷம் இதையும் சேர்த்துப் பிடிச்சுக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இன்னும் இழுப்பு இருக்கு. நடந்துக்கிட்டேதான் இருக்கார் மனுஷன். நிறுத்தச் சொல்ல ஆள் இல்ல. நான் போய்ப் போதும்னு சொல்லிட்டு வந்துடறேன்."

எவ்வளவு பெரிய நிமிஷம் அது என்று கல்லுக்காரருக்குத் தெரியாமல் இல்லை. "போயிட்டு வாங்க" என்றார். வளையத்தை வாங்கிக்கொண்டார். நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. எழுந்து நின்றவள் கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள், பிறகு லிஃப்ட் வரை நடந்தாள். மேலே போய் ஆபீஸ் வாசலில் நின்று அந்தச் சதுக்கத்தையும் கட்டடங்களையும் வண்டிகளையும் குதிரைக்காரரையும் பார்த்து, "இவங்கெல்லாம் யாருக்காகக் காத்திருக்காங்க?" என்று கேட்டதாக லிஃப்ட்காரர் பின்னால் சொன்னார். அவள் வடக்குச் சாலையில் நடந்து போனாள்; அதற்குப் பிறகு அந்தச் சாலையில் போகிறவர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் ஒரு பெண்ணை அவ்வப்போது பார்த்திருக்கிறார்கள்.

கல்லுக்காரரின் ஊரில் அந்த வாரமே பஸ் முன்னதாக வந்து, ஏற வேண்டியவர்கள் பாதிப் பேர் ஏறமுடியாமல் சண்டை போட்டார்கள். பால் திரியவில்லை. சாலை துவைத்த பருத்தித் துணிபோல ஒரு மாதத்துக்குள் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏற்றின டிக்கெட்டை மட்டும் யாரும் குறைக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெயிண்டர் கல்லில் பழைய எண்ணையே எழுதினார். அந்தக் கல்லில் சாய்ந்து பெயிண்ட் காய்வதற்குக் காத்திருக்கும்போது யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், ஆனால் தொந்தரவு ஒன்றும் இல்லை என்று அவர் ஓவர்சியரிடம் சொன்னார். ஓவர்சியர் தலையாட்டினார்.

பூஜ்ஜியப் பிரிவில் இப்போது கல்லுக்காரரை எல்லோருக்கும் தெரியும். எழுத்தர் அம்மாள் அவருக்கு ஒரு பாய் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தனியாகத்தான் இருக்கிறார், அதை மறைப்பதற்கு இல்லை. லிஃப்ட் அவ்வளவு கீழே தினமும் வருவதில்லை. ஆனால் காலையில் ஒருமுறை இழுக்கிறார், மத்தியானத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. கோடைக்காலத்தில் உதறல் கொஞ்சம் பலமாகவே வரும். ஒருநாள் லிஃப்ட்காரர் கேட்டார்: "ஏண்ணே, ரெண்டுதடவை இழுத்துட்டா முடிஞ்சுதே. அவங்களுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை. வளையத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கலாம், நீங்க வீட்டுக்குப் போகலாமே."

"இழுக்கலாம்" என்றார் கல்லுக்காரர். "தினமும் கை அதுக்குத்தான் போகுது. அவளும் இழுக்கலாமே. அவளும் இழுக்கலையே."

மேலே யாரோ மணி அடித்தார்கள், லிஃப்ட்காரர் போய்விட்டார். கல்லுக்காரர் வளையத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.